காசநோய் மாத்திரை தரும்போது இதையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் சளிப் பரிசோதனையில் எனக்குக் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை. "சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயந்துடாதேம்மா" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்படியே போனது, நான் பயப்படவில்லை.

அப்போது நான் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் மாமியார் நின்றதால் நானும் சொல்லவில்லை. அட்டையை பீரோவில் கல்யாணப் பட்டு மடிப்புக்குள் வைத்திருப்பேன். ராத்திரி எல்லோரும் படுத்ததும் ஒன்று போடுவேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நான்காவது மாதம், அட்டையின் கடைசியில் இருக்கும் பழுப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை போடும் வாரத்தில் வர வேண்டிய மாதவிலக்கு வரவில்லை. "நீ மறந்திருப்பே" என்றார் வீட்டுக்காரர். காலி அட்டைகளை எடுத்துக் காட்டியும் அவர் நம்பவில்லை. அன்றைக்கு என் எடை 39 கிலோ.

கர்ப்பப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு டாக்டரம்மாதான் விளக்கினார். காசநோய் மருந்தில் உள்ள ரிபாம்பிசின் ஈரலை முடுக்கிவிடுமாம். கருத்தடை மாத்திரையின் ஹார்மோன் வேலை செய்வதற்குள் ஈரல் அதைச் சிதைத்துவிடும். சிறுநீருக்கு நிறம் கொடுப்பதும் அதே ரிபாம்பிசின்தான். மருந்தை முடித்த பிறகும் ஒரு மாதம் வரை ஈரலின் இந்த வேகம் நீடிக்கும். வலிப்புக்குத் தரும் பெனிடாயின், கார்பமாசெபைன் மாத்திரைகளும் இப்படித்தான். காய்ச்சல், தொண்டைவலிக்குத் தரும் அமாக்சிசிலின் இப்படிச் செய்யாது என்றும் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு யாரும் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாற்ற வேண்டியது கருத்தடை முறையைத்தான். கருப்பையில் வைக்கும் காப்பர்-டியோ அந்தரா என்ற கருத்தடை ஊசியோ என்றால் இந்த மருந்தால் பாதிப்பில்லை. இரண்டும் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள், அவளால் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இருமிக்கொண்டே சுமந்த அந்த மாதங்களும், மறந்துவிட்டாய் என்ற பழியும் எனக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

காசநோய்க்கு மருந்து தொடங்கும் நாளில், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாயா என்று ஒவ்வொரு பெண்ணையும் கேளுங்கள். வீட்டு ஆட்கள் முன்னால் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சங்கரன்கோவில்