உங்கள் முன்னுரைக்காக இனியும் காத்திருக்க இயலாது, ஐயா

பெருமதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் முன்னுரை இல்லாமலேயே, ஸ்பெயினின் புதைகுழிகளைப் பற்றிய என் நூலை அச்சுக்குக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். நேரில் வந்து சொல்லாததற்குப் பொறுத்தருள வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் தள்ளிப்போட்டுவிடுவேன் என்பதால்தான் எழுதுகிறேன். பிறரும் வாசிக்கும் கடிதம் என்பதால் துறைக் கூட்டத்தில் நடந்தவற்றை இங்கே தொடவில்லை.

எதை எழுத உட்கார்ந்தாலும், ஸ்பெயினின் லியோன் மாகாணத்தில், உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டோரைப் புதைத்த அந்தக் குழியின் விளிம்பில் நாம் நின்ற காலைப்பொழுதுதான் முன்னால் வருகிறது. தூரிகையால் மண்ணை விலக்கிக்கொண்டிருந்த பெண், மட்கிய காலணி ஒன்றின் அடித்தோலையும் களிம்பேறிய ஒரு பொத்தானையும் காட்டினாள். 1936இல் தந்தையைப் பறிகொடுத்த அந்த மூதாட்டி பொத்தானைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். அளந்து, படமெடுத்து, எண்ணிட்ட பிறகுதான் என்றார்கள். அவர் காத்திருந்த நேரம் முழுவதும் நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குக் கற்றுத்தந்த அதே நிதானமான ஸ்பானியத்தில் அவருடைய ஊர் விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் இன்றும் பேசுவது அந்த ஸ்பானியத்தைத்தான்.

அன்று மாலையே, "நாம் மொழி ஆசிரியர்கள், அயலாரின் புதைகுழி நமக்கு எதற்கு?" என்றீர்கள். அந்தக் கையைப் பிடித்திருந்தவருக்கு இதைச் சொல்ல எப்படி மனம் வந்தது?

1977இன் பொதுமன்னிப்புச் சட்டத்தோடு ஸ்பெயின் பழையதை மூடிவைக்க இசைந்துவிட்டது, அதை வெளியார் கிளறலாகாது என்பது உங்கள் வாதம். அந்தச் சட்டம் அரசியல் கைதிகளை விடுவித்தது உண்மைதான். கொன்றவர்களையும் அதுவே காத்தது. 2000இல் பிரியாரன்சா தெல் பியர்சோ என்ற ஊரில் சாலையோரக் குழியிலிருந்து 13 பேரின் எச்சங்களை வெளியே எடுத்தவர்கள் வெளியார் அல்லர், பேரன் ஒருவர் தம் தாத்தாவைத் தேடியதில் தொடங்கியது அது. 2019இல், அந்தப் போரில் வென்று சர்வாதிகாரியாக ஆண்ட பிராங்கோவின் உடலே இடம் மாற்றப்பட்டது. காணாமற்போனோரைத் தேடுவது அரசின் பொறுப்பென்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. அந்நாட்டவரே பேசத் தொடங்கிய பின்னும், அவர்கள் மொழியைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் நான் வினைத்திரிபு வாய்பாட்டோடு நின்றுகொள்ள வேண்டும் என்கிறீர்களா? என் மாணவர்கள் அந்த மூதாட்டியைப் போன்றோரின் வாக்குமூலங்களைக் கேட்டுத்தான் இறந்தகாலத்தைப் படிக்கிறார்கள். அதை இனி மறைத்துச் செய்யமாட்டேன்.

முன்னுரையை அந்த மூதாட்டியின் பேத்தி எழுதித் தருகிறார். சமர்ப்பணப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. நீக்க வேண்டுமானால் அச்சுக்குப் போகும் முன் தெரிவியுங்கள். தெரிவித்தாலும் நீக்குவேன் என்று உறுதி சொல்ல முடியவில்லை.

உங்கள் மாணவி