சமாதானபுரத்துத் தளபதியின் திறந்த மடல்

தமிழில் கேம் செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு,

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் உட்கார்ந்து மூன்றாம் உலகப் போர் நடத்தியவன் எழுதுகிறேன். ஊர்ப்பேரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

2008 நவம்பரில் 'எண்ட்வார்' என்று ஒரு போர் கேம் வந்தது; படையை வாயால் ஏவலாம். யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனியின் ஷாங்காய் ஸ்டூடியோ செய்தது. கதை நடப்பது 2020இல். அமெரிக்கா, ஐரோப்பா, ரஷ்யா மூன்றும் அடித்துக்கொள்ளும். (நிஜமான 2020இல் பரோட்டாக் கடைகூடத் திறக்காமல் வீட்டுக்குள் கிடந்தோம்.) சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் 360இல் அதைப் போட்டேன். பட்டனை அமுக்கிக்கொண்டு மைக்கில் "யூனிட் டூ, அட்டாக் ஹாஸ்டைல் ஃபோர்" என்றால் டாங்கி கிளம்பிவிடும். ஹெலிகாப்டர் டாங்கியை அடிக்கும், டாங்கி கவச வண்டியை, கவச வண்டி ஹெலிகாப்டரை. கேமரா பெரும்பாலும் ஏதாவதொரு படையின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கும். கண்ணில் படாத மூலையில் இருப்பவனையும் ஏவ வேண்டுமே, அதற்குத்தான் குரல். குரலை வெறும் வித்தையாக வைக்கவில்லை அவர்கள்.

எனக்கோ 'ஃபோர்' என்றால் 'போர்' என்றுதான் வரும். நாலாவது எதிரியை அடிக்கச் சொல்லிவிட்டு, யாரும் அசையாததைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதனால்தான் கேட்கிறேன், நம் பேச்சுக்கு ஒன்று செய்யுங்கள். அங்கே 'யார், என்ன, யாரை' என்று வரிசை. நமக்கு வினை கடைசியில்: "ரெண்டு, நாலை அடி." கடைசிச் சொல் வரும்வரை கேம் பொறுத்திருக்க வேண்டும். ஏழு எங்கள் வாயில் 'ஏளு'. 'அடி', 'அடில', 'அடிச்சுப்போடு' எல்லாம் ஒரே உத்தரவுதான். தயவுசெய்து செய்தி வாசிக்கும் தமிழை மட்டும் கேட்கவைத்துக் கேமைப் பழக்காதீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு மைக்கோடு போங்கள். அந்த இரைச்சலில் எண் பிடிபட்டால் எந்த வீட்டிலும் பிடிபடும்.

எங்கள் வீட்டு இரைச்சல் ஆச்சி. "யாருகிட்டல சண்ட போடுத?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்காருவாள். ஒருநாள் என் டாங்கிகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்தவள் பொறுக்காமல் மைக்கைப் பிடுங்கி, "ஏலே, எல்லாவனும் திரும்பி வாங்கல!" என்று கத்தினாள்.

ஒருத்தனும் திரும்பவில்லை. உங்கள் கேமில் அந்த ஒரு உத்தரவுக்காவது படை திரும்பினால், முதல் ஆளாக நான் வாங்குவேன்.

இப்படிக்கு,
போரில் தோற்ற ஒரு பாளையங்கோட்டைக்காரன்