ஒரே வரியில் முடிகிறவரா யாண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த போலந்து சினிமா கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இயக்குநர் ஆந்த்ரே வாஜ்தாவைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாகப் படித்து நாளாயிற்று. நன்றி. ஆனால் நடிகை க்ரிஸ்டினா யாண்டாவை 'வாஜ்தா அறிமுகப்படுத்திய நாயகி' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அறிமுகப்படுத்தியது வாஜ்தாதான். 1952இல் ஸ்டாராஹோவிட்சே என்ற ஊரில் பிறந்து, தலைநகர் வார்சாவின் அரசு நாடகக் கல்லூரியில் படித்து 1975இல் வெளியே வந்தவருக்கு, 'மேன் ஆஃப் மார்பிள்' (1977) படத்தில் ஆக்னியெஷ்கா வேடம் கிடைத்தது. ஸ்டாலின் காலத்தில் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடப்பட்டு, அப்புறம் இருந்த இடம் தெரியாமல் ஆக்கப்பட்ட ஒரு கொத்தனாரைத் தேடிப் போகும் சினிமா மாணவி. அருங்காட்சியகத்தின் சரக்கறையில் அந்தக் கொத்தனாரின் பளிங்குச் சிலை கீழே கிடக்கும். காவலுக்கு இருப்பவர்கள் பார்ப்பதற்குள் அதன்மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, கேமராவைக் கையில் பிடித்துப் படமெடுப்பார் யாண்டா. ஜீன்ஸும் சிகரெட்டுமாக அவர் எட்டி எட்டி நடக்கும் நடைதான் படம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிறது. 1981இல் கான் திரைப்பட விழாவில் உச்ச விருதான தங்கப் பனையை வாங்கிய 'மேன் ஆஃப் ஐர'னிலும் அதே ஆக்னியெஷ்காவாக வருகிறார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் உங்கள் வரி சரிதான். ஆனால் அவருடைய பெரிய வேடம் வாஜ்தா இயக்கிய படத்தில் இல்லை. ரிஷார்ட் புகாய்ஸ்கி இயக்கிய 'இன்டெராகேஷன்' படத்தில் இருக்கிறது. 1950களின் தொடக்கம். டோனியா என்ற பாட்டுக்காரி, ஓர் இரவு நன்றாகக் குடித்த பிறகு ரகசியப் போலீஸிடம் சிக்குகிறாள். தான் எங்கே இருக்கிறோம் என்றே முதலில் அவளுக்கு விளங்குவதில்லை. தெரிந்தவர் ஒருவர்மேல் பொய் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போடு, விட்டுவிடுகிறோம் என்கிறார்கள். அவள் போடவில்லை. வருஷக்கணக்கில் போடவில்லை. ஆள் நிற்க மட்டுமே இடமுள்ள அறையில் அவளை அடைத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் காட்சி ஒன்று உண்டு. தண்ணீர் கழுத்துக்கு ஏற ஏற அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. எழுந்து போய்விட்டு, மறுநாள்தான் மிச்சத்தைப் பார்த்தேன்.

1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. 1982இல் படத்தைப் பார்த்த அதிகாரிகள் அதைத் தடை செய்தார்கள். ஆனாலும் திருட்டு வீடியோ கேசட்டுகளில் வீட்டுக்கு வீடு போனது. தியேட்டருக்கு வந்தது 1989 டிசம்பரில், கம்யூனிஸ்ட் ஆட்சி மாறிய பிறகு. 1990இல் கான் விழாவில் சிறந்த நடிகை விருது யாண்டாவுக்கு. நடித்தபோது அவருக்கு வயது 28, விருதைக் கையில் வாங்கும்போது 37. ஒரு நடிகையின் வாழ்க்கையில் அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இடைவெளியிலும் அவர் சும்மா இருக்கவில்லை. தொலைக்காட்சிக்காக இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி எடுத்த 'டெக்கலாக்' வரிசையின் இரண்டாவது படத்தில் டோரோட்டா அவர்தான். புருஷன் ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறான். இவள் வயிற்றில் வேறொருவரின் குழந்தை. அவன் பிழைப்பானா மாட்டானா என்று வயதான டாக்டரைப் போய்ப் போய்க் கேட்கிறாள். ஜன்னலோரம் இருக்கும் செடியின் இலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டு, மொட்டைத் தண்டையும் வளைத்துவிடுகிறாள். அந்தத் தண்டு மெல்ல நிமிர்கிறது. ஒரு வசனம் இல்லை.

அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு எட்வர்ட் குவோஷின்ஸ்கி. 'மேன் ஆஃப் மார்பி'ளையும் 'மேன் ஆஃப் ஐர'னையும் படம்பிடித்தவர், யாண்டாவின் கணவர். நோயில் கிடக்கும் புருஷனுக்காகத் தவிக்கும் மனைவியாக அவர் நடிக்க, கேமராவுக்குப் பின்னால் நின்றவர் சொந்தப் புருஷன். இருபது ஆண்டுகள் கழித்து, 2008 ஜனவரியில், குவோஷின்ஸ்கி புற்றுநோயில் இறந்தார்.

அவர் இருந்தபோதே, 2005இல், வார்சாவில் 'போலோனியா' என்ற பழைய சினிமாக் கொட்டகையை நாடக அரங்காக மாற்றியிருந்தார் யாண்டா. 2010இல் இன்னொரு பழைய கொட்டகையும் 'ஓக்' அரங்கம் ஆனது. கோடையில் சதுக்கத்தில் மேடை போட்டு, டிக்கெட் இல்லாமல் நாடகம் நடத்தினார்கள். இயக்குநரின் கைப்பிள்ளை செய்கிற வேலையா இது?

கடைசியாக 'டாடாராக்' (2009). ஆமாம், வாஜ்தாதான் இயக்கினார். டாடாராக் என்றால் நம் வசம்பு. பேரக்குழந்தைக்கு நான் விளக்கில் சுட்டு உரைத்துத் தடவிய அதே வசம்பு. ராத்திரியில் பெயரைச் சொல்லக்கூடாதென்று 'பேர் சொல்லாதது' என்போம். போலந்துக்காரர்கள் வசந்தத் திருநாளுக்கு அதன் இலையால் வீட்டை அலங்கரிக்கிறார்கள். இலையைக் கசக்கினால் நல்ல வாசம், இன்னும் ஆழமாக முகர்ந்தால் சேற்று வாடை. அதைத்தான் கதை பிடித்துக்கொள்கிறது. யாண்டா அதில் ஒரு டாக்டரின் மனைவி. அவளுக்குத் தீராத நோய் என்று தெரிந்தும் கணவன் சொல்வதில்லை.

கதையின் நடுவே படம் நின்று, ஒரு ஹோட்டல் அறை வருகிறது. அங்கே கதாபாத்திரம் இல்லை, யாண்டாதான். குவோஷின்ஸ்கியின் கடைசி நாட்களைத் தானே எழுதி, தானே சொல்கிறார். கேமரா அசையாமல் நிற்கிறது. கட்டிலின் ஓரத்தில் உட்காருகிறார், எழுந்து ஜன்னல் பக்கம் போகிறார், முகத்தைச் சரியாகக் காட்டுவதுகூட இல்லை. குரல் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. கணவரை இழந்த எனக்கு அந்த அறையை நன்றாகத் தெரியும்.

அடுத்த முறை போலந்து பக்கம் போகும்போது, தயவுசெய்து யாண்டாவுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். படம் போடுவதானால், பளிங்குச் சிலைமேல் உட்கார்ந்து கேமரா பிடித்திருக்கும் அந்தப் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.