வால்பாறைக்கு ஒரு பகல்: மகளுக்கு எழுதியது

அன்புள்ள கண்ணு,

உன் ஆபீஸ் ஆட்கள் எட்டுப் பேரோடு ஒரே பகலில் வால்பாறை போய்த் திரும்ப, டிராவல்ஸ்காரர் அனுப்பிய பட்டியல் சரிப்படுமா என்று கேட்டிருந்தாய். ஆழியாறு அணை, குரங்கு அருவி, லோம்ஸ் வியூ, பாலாஜி கோயில், கூழாங்கல் ஆறு, நல்லமுடி, சின்னக்கல்லார், நீராறு, சோலையாறு அணை என்று ஒன்பது இடம் போட்டிருக்கிறார். ஒன்பதையும் பார்த்துவிடலாம். ஆனால் ஒரு விலங்கைக்கூட நின்று பார்க்க நேரம் இருக்காது. அதை மூன்றாக வெட்டு: காலையில் வரையாடு, அடுத்து புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு, மதியத்துக்கு முன் நல்லமுடி காட்சிமுனை. மிச்சமெல்லாம் வழியில் கிடைத்தால் கிடைக்கட்டும்.

வால்பாறையை முதுமலை மாதிரி நினைத்துக்கொண்டு வராதீர்கள். வாசலில் சீட்டு வாங்கி, வனத்துறை வண்டியில் ஏறி, உள்ளே போய்ப் பார்க்கிற இடமில்லை அது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். நூறு வருஷத்துக்கும் முன்னால் காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் வைத்தார்கள். வெட்டாமல் விட்ட சோலைகள் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பறம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம். ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக விலங்குகள் தேயிலைக்குள்ளும் தார் ரோட்டிலும்தான் நடந்தாக வேண்டும். அதனால் எங்கே, எப்போது நிற்க வேண்டும் என்று தெரிந்த ஆள் கூட இல்லாவிட்டால், 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி டீ குடித்துவிட்டு வந்ததுதான் மிச்சம். வழிகாட்டிக்குக் கொடுக்கிற காசு அந்தக் கண்ணுக்குத்தான்.

வழிகாட்டி வால்பாறையிலேயே குடியிருப்பவராக இருக்கட்டும். போனில் பேசும்போது, வரையாடு பார்க்க எத்தனை மணிக்கு லோம்ஸ் வியூவில் நிற்போம் என்று கேள். ஏழரைக்கு மேல் சொன்னால் வேறு ஆளைப் பார். சிங்கவால் குரங்கு எங்கே என்று கேட்டால், “காலையில அங்க இருக்கிற ஆளுங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்” என்பவர் நல்ல ஆள். “யானை கண்டிப்பாக் காட்டுறேன்” என்பவர் வேண்டாம். ராத்திரி ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப்போகிறேன் என்று எவர் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள். அது அனுமதி இல்லாத வேலை; பிடிபட்டால் வண்டியில் இருப்பவர்களுக்கும் அபராதம். பறவைக் குரலை போனில் போட்டுக் காட்டி வரவழைப்பவரும் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அந்தப் பறவை இல்லாத எதிரியைத் தேடி அலையும். கூலி பேசும்போது வண்டி வாடகை, டிரைவர் பேட்டா, வழிகாட்டி கூலி, நுழைவுக் கட்டணம், அவர்கள் இருவரின் சாப்பாடு என ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்ல வைத்து, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள். தகராறு வருவது எப்போதும் கடைசி இரண்டில்தான். வழிகாட்டி மேலே இருப்பவர் என்றால், முந்தின நாளே பொள்ளாச்சிக்கு இறங்கி வருவாரா, இல்லை லோம்ஸ் வியூவுக்கு மேலே உள்ள அட்டகட்டியில் ஏறிக்கொள்வாரா என்பதையும் பேசி முடி. அட்டகட்டியில்தான் ஏறுவார் என்றால் வரையாட்டை நீங்களேதான் தேட வேண்டியிருக்கும். அதற்கு என்ன செய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

நாள் விஷயம். குடியரசு தினத்தை ஒட்டிய லீவில் வருவதாகச் சொல்கிறாய். அந்த மூன்று நாளும் வளைவுகளில் வண்டி வரிசையாக நிற்கும். அடுத்த வாரம் ஒரு செவ்வாயோ புதனோ லீவு போடு. மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரி, பிப்ரவரி நல்ல தேர்வு: வானம் தெளிவாக இருக்கும், அட்டை குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும். நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் சின்னக்கல்லாரும் ஒன்று. அந்த மாதங்களில் அருவி நன்றாக இருக்கும், ஆனால் மூடுபனியில் எதிர்ப்பக்க மலையே தெரியாது.

பெங்களூரிலிருந்து ஒரே மூச்சில் வராதீர்கள். முந்தின ராத்திரி பொள்ளாச்சியில் தங்குங்கள். டீசலும் இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வால்பாறை 65 கிலோமீட்டர் சொச்சம்தான். கூகுள் காட்டும் நேரத்தை நம்பாதே. நிற்காமல் போனாலும் இரண்டரை மணி நேரம் வை. நேரமே ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு ஆழியாறு சோதனைச் சாவடியில் முதல் வண்டிகளில் ஒன்றாக நிற்கலாம். 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் கட்டாயம். பாட்டில், பிளாஸ்டிக் பை எல்லாம் அங்கே சோதிப்பார்கள். ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில், வண்டிக்கு ஒரு இருபது லிட்டர் கேன் போதும்.

வண்டி பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு பேர் டெம்போ டிராவலர் எடுங்கள். இரண்டு காராகப் பிரிந்தால் பின்னால் வருபவர்களுக்கு வழிகாட்டி சொல்வது எதுவும் காதில் விழாது. மலை டிரைவராக இருப்பது முக்கியம். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. அரசுப் பேருந்து முழு வளைவையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும் என்பதால், வளைவுக்குக் கீழேயே நின்று அதை விட்டுவிட வேண்டும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியர். நியூட்ரலில் விட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் இருபது வளைவுக்குள் பிரேக் சூடேறிக் கருகல் வாடை வரும். அதற்கப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. அந்த வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் நிற்கச் சொல். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காரட்டும், போனைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்கட்டும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லியோ இரண்டு வாழைப்பழமோ. மாத்திரை போடுவதென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும். தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை. பெண்கள் வருகிறார்களே, இதையும் சொல்லிவிடு: ஆழியாறிலேயே கழிப்பறை போய்விடணும். வளைவுகளில் வசதி கிடையாது.

குரங்கு அருவியில் நிற்காதீர்கள். குளித்தால் ஒரு மணி நேரம் போய்விடும், வரையாடும் போய்விடும். நேரே ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்கு ஏறுங்கள். அதுதான் லோம்ஸ் வியூ. இந்த ரோட்டைப் போட்ட இன்ஜினியர் லோம் பெயர். எல்லாரும் கீழே தெரியும் ஆழியாறு அணையைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் அணைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மேலே உள்ள பாறைச் சரிவைப் பாருங்கள். முதலில் எதுவும் தெரியாது. பாறையின் நிறமும் ஆட்டின் நிறமும் ஒன்றே. பைனாகுலரை இடமிருந்து வலமாக, ஒரு பட்டை முடிந்ததும் அடுத்த பட்டை என்று மெதுவாக நகர்த்த வேண்டும். சின்னக் கல் உருளும் சத்தம் கேட்டால் அதற்கு மேலே தேடுங்கள். சாம்பல் கலந்த பழுப்பில் இருப்பவை பெட்டையும் குட்டியும். கறுத்த உடம்பு, முதுகின் நடுவில் சேணம் போட்ட இடத்தில் மட்டும் வெள்ளி நிறம் ஏறியிருந்தால் அது வயதான கிடா. இரண்டுக்கும் கொம்பு உண்டு, பின்னோக்கி வளைந்திருக்கும். கிடாவுக்குத் தடிமன் அதிகம்.

பல நேரம் அவை ரோட்டோரச் சுவருக்கே வந்து நிற்கும். மனிதர்களுக்குப் பழகிவிட்டதால் ஓடாது. அதைப் பார்த்துவிட்டு பிஸ்கட் நீட்டுகிறார்கள். நீட்டுவது குற்றம், தவிர, தீனிக்காக ரோட்டுக்கு இறங்கிப் பழகிய ஆடு வளைவில் திரும்பும் வண்டியில் அடிபடும். இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு, 2024 கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்க இருந்ததே 1,031தான் என்று உன் ஆட்களிடம் சொல். அப்புறம் யாரும் பாக்கெட்டைப் பிரிக்க மாட்டார்கள். முக்கால் மணி நேரம் அங்கே வை. ஒன்பதில் இல்லாவிட்டால் அதற்கு மேலுள்ள வளைவுகளிலும் பார்த்துக்கொண்டே ஏறுங்கள்.

பைனாகுலர் வாங்குவதாகச் சொன்னாயே, எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 வாங்கு. பத்து மடங்கு காட்டும் 10x கையில் ஆடும். சோலை நிழலிலும் பனியிலும் எட்டுதான் தெளிவாகத் தெரியும். எட்டுப் பேருக்கு மூன்று இருந்தால் போதும்.

அட்டகட்டி தாண்டியதும் குளிர் ஏறும், கவர்க்கல் பக்கம் பனி இறங்கும். எட்டரை வாக்கில் புதுத்தோட்டம். வால்பாறை ஊருக்குக் கொஞ்சம் முன்னால், ரோடு ஒரு சின்னச் சோலைத் துண்டுக்குள் நுழைந்து வெளியேறும். அங்கேதான் சிங்கவால் குரங்கு. இந்தக் குரங்கு உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிறது. மரத்தை விட்டு அதிகம் இறங்காத இனம். வெடிப்பலாவும் காட்டுப் பழங்களும் பூச்சியும் தின்னும். இந்தத் துண்டு சின்னதாகிப் போனதால் இங்கே ரோட்டிலும் கூரையிலும் நடக்கப் பழகிவிட்டது. ரோட்டின் இரு பக்க மரங்களையும் இணைத்து மேலே பாலம் கட்டியிருப்பதைப் பாருங்கள். குரங்கு கடக்கும்போது வண்டிகளை நிறுத்தி மெதுவாக அனுப்பவும் ஆட்கள் நிற்பார்கள். கூட்டம் இன்றைக்கு எந்தப் பக்கம் என்று அவர்களைத்தான் வழிகாட்டி கேட்பார்.

உங்கள் ஆட்கள் கறுப்பாக எதைப் பார்த்தாலும் சிங்கவால் என்று கத்துவார்கள். முகத்தைச் சுற்றிச் சாம்பல் வெள்ளைப் பிடரி, குட்டையான வால் நுனியில் குஞ்சம்: அது சிங்கவால். உடம்பெல்லாம் கறுப்பு, தலை மட்டும் மங்கிய பழுப்பு, வால் உடம்பைவிட நீளம்: அது கருமந்தி. ரோட்டில் உட்கார்ந்து உன் வாழைப்பழத்தைப் பார்ப்பது நாட்டுக் குரங்கு. கண்ணாடியை ஏற்றி, தின்பண்டத்தைப் பைக்குள் வைத்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று நினைக்காதீர்கள். பயந்திருக்கிறது, பின்னால் நகருங்கள்.

இருவாச்சியைத் தேடிப் போக வேண்டாம், பழுத்த அத்தியோ ஆலோ கண்ணில் பட்டால் பத்து நிமிஷம் நில்லுங்கள். பறவைக்கு முன்னால் இறக்கைச் சத்தம் வரும், பழைய நீராவி இன்ஜின் மூச்சு விடுவது மாதிரி. ஜனவரியிலிருந்து கூட்டுக் காலம். பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைத் தன் எச்சத்தால் அடைத்துக்கொள்ளும், ஆண் ஒரு சின்னப் பிளவு வழியாகப் பழம் ஊட்டும். பொந்துக்கு அடியில் ஆள் நின்றால் ஆண் வராது, உள்ளே இருப்பவை பட்டினி. கூடு காட்டுகிறேன் என்று வழிகாட்டி சொன்னால் தூரத்திலிருந்து மட்டும்.

ஒன்பதரைக்கு ஊரில் டிபன். அப்புறம் நிற்காமல் நல்லமுடி பூஞ்சோலை, முக்கால் மணி நேரம். வண்டியை விட்டுத் தேயிலைக்கு நடுவே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். விளிம்பில் நின்றால் பள்ளத்தாக்குக்கு அப்பால் 2,695 மீட்டர் ஆனைமுடி தெரியும். பதினொன்றுக்குள் போய்விட வேண்டும். மதியமானால் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி எல்லாம் வெள்ளையாகிவிடும். யானை நடமாட்டம் இருந்தால் நடக்க விட மாட்டார்கள், வாதாடாதீர்கள். தோட்டங்களில் உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். குடியிருப்பவர்களை எச்சரிக்க வைத்தது அது. புல்மலைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே முடியாது, அந்தப் பேச்சை எடுக்காதே. டிரோனும் வேண்டாம்.

அட்டை ஏறினால் பிய்க்காதீர்கள். நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளினால் விழும், அல்லது கொஞ்சம் உப்பு. ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை விடுவதால் காயம் ரொம்ப நேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, கழுவி, பஞ்சை அழுத்திக் கட்டிவிடு.

கூழாங்கல் ஆற்றில் காலை நனைப்பதோடு சரி. மேலே மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும், கல் வழுக்கும். இந்தப் பக்கத்து ஆறுகளில் குளிக்கப்போய் உயிர் போன பிள்ளைகள் உண்டு.

சாப்பிட்டு இரண்டரைக்குத் திரும்புங்கள். வழியில் தேயிலைக்கு நடுவே உள்ள சதுப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் காட்டுமாடு தெரியும்: கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. வண்டியிலிருந்தே பாருங்கள். தனியாக நிற்கும் காளை தலையைத் தாழ்த்தி உடம்பைப் பக்கவாட்டில் காட்டினால் கிளம்பச் சொல்கிறது. அந்தி சாய்ந்தால் இன்னும் நிறைய வரும் என்று யாராவது கெஞ்சுவார்கள். வரும்தான், சிறுத்தையும் வரும். நாலரைக்கு அட்டகட்டி, ஐந்தே முக்காலுக்கு ஆழியாறு சாவடி. பனியும் இருட்டும் சேர்ந்த வளைவில் இறங்குவதைவிட ஒரு காட்டுமாடு குறைவாகப் பார்ப்பது மேல்.

இ-பாஸுக்கு வண்டி நம்பர், வரும் தேதி, எத்தனை பேர் என்பது வேண்டும். டிராவல்ஸ்காரர் வண்டி நம்பரைக் கடைசி நேரத்தில் மாற்றுவார். முந்தின நாள் சாயங்காலம் உறுதிப்படுத்திக்கொண்டு அப்புறம் எடு. ராத்திரி வீட்டில்தான் சாப்பாடு. எட்டுப் பேரில் கறி சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் என்று எழுது.

அம்மா