எம்3 வரட்டும், முதலில் எடையைப் பார்ப்போம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்க இரண்டு வரி, மீதிப் பக்கமெல்லாம் 3 சீரிஸின் வேகக் காரான அடுத்த பிஎம்டபிள்யூ எம்3 பற்றிய புலம்பல். இத்தனை வருடம் கழித்தும் நீ மாறவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முதுகுவலி மட்டும் விட்டபாடில்லை. தாழ்வான சீட்டில் உட்கார்ந்து எழுவதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். வேகமும் வேண்டும், நாலு கதவும் வேண்டும், சீட்டும் மனுஷன் ஏறி இறங்குகிற உயரத்தில் இருக்க வேண்டும் என்று வாலிபத்தில் யார் நினைத்தார்கள்? பெரியவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஆட்டோமேட்டிக் போதுமாம், கிளட்ச் எதற்கு என்கிறாள். நான் வாயே திறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய சோதனை வண்டிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைச் சுழிக் கோலம் ஒட்டிய அந்த உடம்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பாதி பொய். ஸ்டிக்கருக்கு அடியில் பிளாஸ்டிக் பட்டை வைத்துக் கோட்டை மாற்றியிருப்பார்கள், விளக்கு இருக்கும் இடத்தையும் மறைத்திருப்பார்கள். மறைக்க முடியாதவை சக்கரத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. மூன்றாவது படத்தில் முன் வீல் ஆர்ச் எவ்வளவு புடைத்திருக்கிறது பார். சக்கரத்துக்குள் பிரேக் டிஸ்க் விளிம்பைத் தொடுகிற அளவுக்கு நிறைந்திருக்கிறது. சாதாரண 3 சீரிஸுக்கு அவ்வளவு பெரிய பிரேக் எதற்கு? அப்புறம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கர். சோதனை வண்டி எங்காவது மோதிவிட்டால், உள்ளே உயர் மின்னழுத்தம் இருக்கிறது, பார்த்துக் கைவையுங்கள் என்று மீட்புக்காரர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. பின்னால் புகைக்குழாயும் இல்லை. ஆக, நீ பார்த்தது மின்சார எம்.

அதைப் பார்த்துவிட்டு "பெட்ரோல் போயிற்று" என்று ஒப்பாரி வைத்திருக்கிறாய். கொஞ்சம் பொறு. ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர் என்ஜினைக் கைவிடப்போவதில்லை என்று பிஎம்டபிள்யூவின் வேகக் கார்களைச் செய்யும் எம் பிரிவின் தலைவர் ஃபிராங்க் வான் மீல் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெட்ரோல் ஒன்று, மின்சாரம் ஒன்று, இரண்டும் அக்கம்பக்கமாக வரும். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

"எம்3 செத்துவிட்டது" என்ற பேச்சுக்கும் எம்3க்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. 1986இல் வந்த முதல் எம்3க்கு ஈ30 என்று பெயர் (ஈ36, ஜி80 எல்லாம் இப்படித் தலைமுறைக்கு ஒன்றாக வைக்கும் குறியீடுதான்), நாலு சிலிண்டர், 2.3 லிட்டர், ஏறத்தாழ 1200 கிலோ, பந்தயத்தில் ஓட அனுமதி வாங்குவதற்காகவே செய்த வண்டி. அடுத்து 1992இல் ஆறு சிலிண்டரோடு ஈ36 வந்ததும் இது பந்தயக் கார் இல்லை, சொகுசுக் கார் என்றார்கள். அந்தச் சொகுசுக் காரில்தான் 1994இல் முதல்முறையாக நாலு கதவு கிடைத்தது. நம்மைப் போன்ற செடான் பைத்தியங்களுக்கு அதுதான் பிறந்தநாள். ஈ46இல் மறுபடியும் நாலு கதவைப் பறித்துக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். ஈ90இல் எட்டு சிலிண்டர் வி8 என்ஜின் வைத்தபோது மூக்கு கனம் என்றார்கள். 2014இல் எஃப்80க்கு டர்போ வந்தபோது குரலே போய்விட்டது, ஸ்பீக்கர் வழியாகச் சத்தம் விடுகிறார்கள் என்றார்கள். ஜி80க்கு அந்த நெட்டுக்குத்தான கிரில். இதில் சில புகார்கள் நியாயமானவைதான். டர்போ சத்தம் விஷயத்தில் நான் இன்றும் உன் பக்கம். ஆனால் ஒவ்வொரு முறையும் அடக்கம் செய்துவிட்டு, அடுத்த வண்டி வந்ததும் பழையதைத் தெய்வமாக்குகிறோமே, அதுதான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

உன் ஈ90இல் நாம் போனதை நினைத்துப் பார்க்கிறேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினதும் ஆர்பிஎம் மீட்டரின் மேல் ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள் வரிசையாக எரியும். என்ஜின் எண்ணெய் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணையும். அவை அணையும் வரை நீ நாலாயிரத்தைத் தாண்ட மாட்டாய், நான் என்ன தூண்டினாலும் சரி. எல்லாம் அணைந்த பிறகு காலை அழுத்தினால் முள் எட்டாயிரத்தைக் கடந்து 8400 வரை போகும். 420 குதிரைத்திறன் என்ற எண் அப்போது பெரிது. இன்றைக்கு அதைவிட அதிகமாக மின்சாரக் குடும்பக் காரிலேயே கிடைக்கிறது. ஆகவே குதிரைத்திறனை வைத்து இனி யாரும் யாரையும் மிரட்ட முடியாது. எம் பிரிவும் மிரட்ட முடியாது. ஷாங்காயில் 2025இல் பிஎம்டபிள்யூ காட்டிய சோதனைக் காருக்கு 18,000 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்றார்கள். அது கியர் பெருக்கிய பிறகு சக்கரத்தில் அளக்கிற கணக்கு. சர்க்கஸ் எண். அதை வைத்து நீ கடிதத்தில் ஒரு முழுப் பத்தி எழுதியிருக்க வேண்டாம்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு எண்தான்: எடை. ஈ30 1200 கிலோ என்றேனே, ஜி80 1700ஐத் தாண்டிவிட்டது. பிஎம்டபிள்யூவின் மின்சார ஐ4 எம்50 2200 கிலோவுக்கு மேல். 2024இல் வந்த எம்5, வி8 என்ஜினோடு பிளக்-இன் ஹைப்ரிட், 727 குதிரைத்திறன், ஆனால் 2.4 டன். நேர்கோட்டில் பறக்கும், சந்தேகமில்லை. வளைவில்தான் கடன்காரன் வாசலில் வந்து நிற்பான். கூடுதல் எடையை நிறுத்தப் பெரிய பிரேக், அதைத் திருப்ப அகல டயர், அதைத் தாங்கக் கெட்டியான ஸ்பிரிங், ஒவ்வொன்றும் மறுபடி எடை. பேட்டரி தரையோடு தாழ்வாக இருப்பதால் உடம்பு சாயாது என்று நீ எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் சாயாமல் இருப்பது வேறு, இலகுவாக இருப்பது வேறு. அடுத்தடுத்து இடமும் வலமும் வளைகிற சாலையில் இரண்டு டன்னை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றும்போது டயர்தான் அதற்கு விலை கொடுக்கிறது.

இதற்கெல்லாம் எதிராக ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. அதனால்தான் நான் உன்னைப் போல அழவில்லை. மின்சார எம்முக்கு நான்கு மோட்டார், சக்கரத்துக்கு ஒன்று என்று பிஎம்டபிள்யூவே சொல்லிவிட்டது. இதை ஏதோ கூடுதல் பவர் என்று நினைத்துக் கடந்துவிடாதே. இப்போதுள்ள காரில் என்ஜின் தருவதைப் பின்சக்கரங்களுக்கு டிஃபரன்ஷியல் பங்கு போடுகிறது. உள்ளே கிளட்ச் தகடுகள் இறுகியும் தளர்ந்தும் பங்கைக் கூட்டும், குறைக்கும். ஆனால் அதனால் பங்குதான் போட முடியும். ஒரு சக்கரத்தை முன்னே தள்ளிக்கொண்டே பக்கத்துச் சக்கரத்தைப் பின்னே இழுக்க வேண்டுமென்றால் பிரேக்கைத்தான் பிடிக்க வேண்டும், பிடித்தது சூடாக வீணாகும். நான்கு மோட்டார் இருந்தால் வளைவுக்குள் நுழையும்போது உள்பக்கச் சக்கரத்தின் மோட்டார் ஜெனரேட்டராக மாறி இழுத்துப் பிடிக்கும், வெளிப்பக்கத்தது தள்ளும். கார் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். இழுத்த சக்தி பேட்டரிக்கே திரும்பிப் போகும். இதெல்லாம் மில்லி செகண்டில் நடக்கிற வேலை. எந்தக் கிளட்ச் தகடும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. முன் மோட்டார்களைத் துண்டித்துவிட்டுப் பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டும் வசதியும் உண்டாம். அதைக் கேட்டபோதுதான் உள்ளே நம் ஆட்கள் யாரோ இன்னும் வேலை பார்க்கிறார்கள் என்று நம்பிக்கை வந்தது.

இதை நடத்துவதற்கு "ஹார்ட் ஆஃப் ஜாய்" என்று ஒரு கம்ப்யூட்டர். பெயரைப் பார்த்தால் வாழ்த்து அட்டை மாதிரி இருக்கிறது, போகட்டும். மோட்டார், பிரேக், சக்தி மீட்பு எல்லாவற்றையும் தனித்தனிப் பெட்டிகளாக வைக்காமல் ஒரே மூளையிடம் கொடுத்திருக்கிறார்கள். அன்றாட ஓட்டத்தில் 98 சதவீதம் பிரேக் வேலையை மோட்டார்களே பார்த்துக்கொள்ளும் என்று ஐஎக்ஸ்3 என்ற மின்சார எஸ்யூவி வந்தபோது சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்குள்ள பயம் மீதி இரண்டு சதவீதத்தில். வேகமாகப் போய்க் கடைசி நொடியில் அழுத்தும்போது மோட்டாரிலிருந்து டிஸ்குக்கு வேலை கைமாறும் அந்த இடம் காலுக்குத் தெரியக் கூடாது. பல மின்சாரக் கார்களில் பெடல் அங்கேதான் திடீரென்று மெத்தென்று ஆகிவிடுகிறது. எம் பெயரைப் போட்டுக்கொண்ட காரில் அது நடந்தால் நானும் உன்னோடு சேர்ந்து ஒப்பாரி வைக்கிறேன்.

போலி கியர், போலிச் சத்தம் பற்றி நீ கொதித்திருந்தாய். 2023இல் ஹூண்டாய் ஐயானிக் 5 என் இல்லாத கியரை இருப்பதுபோல் காட்டி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குலுக்கலும் கொடுத்தபோது நானும் விளையாட்டுப் பொம்மை என்றுதான் நினைத்தேன். ஆனால் ஓட்டிப் பார்த்தவர்களில் பலர் அதை ரசித்தார்கள். காரணம் புரிகிறது. என்ன வேகத்தில் வளைவுக்குள் போகிறோம் என்று காதும் கையும்தான் நமக்குச் சொல்லிப் பழக்கம். கண்ணை மீட்டருக்கு அனுப்ப வேண்டியதில்லை. பொய்யான தகவல் இல்லையே, உண்மையான வேகத்தைப் பழைய பாஷையில் சொல்கிறது, அவ்வளவுதான். பிடிக்காதவன் அணைத்துக்கொள்ளட்டும்.

பெட்ரோல் எம்3யில் எனக்குக் கவலை வேறு. மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63 கதை ஞாபகம் இருக்கிறதா? ஒரு காலத்தில் 6.2 லிட்டர் வி8. 2022இல் அதை எடுத்துவிட்டு 2 லிட்டர் நாலு சிலிண்டர், பின்னால் மோட்டார், 6.1 கிலோவாட் மணி பேட்டரி. தாளில் 680 குதிரைத்திறன், 1020 நியூட்டன் மீட்டர். எடை 2.1 டன். பொறியியலில் அசகாய சூரத்தனம், ஒப்புக்கொள்கிறேன். வாங்குகிறவன் கேட்டது அதுவல்ல. எம்3யில் அதே வழியில் போகாமல் ஆறு சிலிண்டரை வைத்துக்கொண்டால் யூரோ 7 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகளையும் சமாளித்தாக வேண்டும். ஐரோப்பாவில் புதிய மாடல்களுக்கு 2026 நவம்பர் கடைசியிலிருந்து அது பொருந்தும். லேசான ஹைப்ரிட் உதவி சேரும், கொஞ்சம் எடை ஏறும் என்பது என் ஊகம்.

மேனுவல் கியர்? மறந்துவிடு. ஜி80யிலேயே மேனுவல் வேண்டுமென்றால் 550 நியூட்டன் மீட்டரோடு நிற்க வேண்டும், ஆட்டோமேட்டிக் எடுத்தவனுக்கு 650. கியர்பாக்ஸ் அதற்கு மேல் தாங்காது, புதிதாகச் செய்ய விற்பனை போதாது. சின்னவனான எம்2 இருக்கும் வரை அதில் கிடைக்கும். என் பெண்ணிடம் இந்தச் செய்தியைச் சொல்லவில்லை, அவள் ஜெயித்ததாக நினைத்துவிடுவாள்.

பந்தயம் கட்டுவோமா? மின்சார எம் 2200 கிலோவுக்குக் கீழே வராது என்கிறேன். 100 கிலோவாட் மணிக்கு மேல் பேட்டரி வைத்துவிட்டு இலகுவாக இரு என்றால் எப்படி முடியும்? உடம்பின் தரையாகவே பேட்டரியை வைக்கும் புது அமைப்பு கொஞ்சம் மிச்சம் பிடிக்கும், அதை நான்கு மோட்டார் தின்றுவிடும். பெட்ரோல் வண்டி 1850க்குள் நின்றால் எனக்கு அதுவே போதும். ஆனாலும் ஒன்றைத்தான் ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சாவியை நீட்டினால் மின்சாரத்தைத்தான் எடுப்பேன். ஆறு சிலிண்டர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான்கு மோட்டார் வளைவில் என்ன செய்யும் என்று காலால் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்சாரத்துக்கும் பெட்ரோலுக்கும் உன் எடைக் கணிப்பு இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுது. அதிகாரபூர்வ எடை வெளியானதும் யார் நெருங்கி வந்தோம் என்று பார்ப்போம். நான் ஜெயித்தால் உன் ஈ90இன் சாவி ஒரு நாள் முழுக்க என்னிடம், ஆரஞ்சுப் புள்ளி அணையாமல் நாலாயிரத்தைத் தாண்ட மாட்டேன் என்று எழுதியே தருகிறேன். நீ ஜெயித்தால் என்ன வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்