பழி பீரங்கிமேலா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில், 1942-இல் ஜப்பானியரிடம் சிங்கப்பூர் வீழ்ந்த கதையைப் படித்தேன். பீரங்கிகள் கடலைப் பார்த்தபடியே இருந்ததால் கோட்டை விழுந்ததாம். ஒரே வரியில் சோலியை முடித்துவிட்டார் கட்டுரையாளர். சாங்கிப் பீரங்கிகளில் சில வடக்கே திரும்பி, ஜலசந்திக்கு அக்கரையிலுள்ள ஜொகூர் பக்கம் சுட்டன என்பது தாங்கள் அறியாததல்ல. கையிருப்பில் பெரும்பாலும் கப்பலின் இரும்பைத் துளைக்கும் குண்டுகள். தரைப்படையிடம் அவை எடுபடவில்லை.

சரி, பீரங்கியை விடுங்கள். ஊரைக் காக்க வந்தவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையே! ஜப்பானியர் தீவின் வடமேற்கில் இறங்குவார்கள் என்றார் நேச நாட்டுத் தலைமைத் தளபதி வேவல். வடகிழக்கில் என்றார் மலாயாவின் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல். வடகரையில் அரண் கட்டலாம் என்று தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் சிம்சன் மன்றாடினார். மக்கள் மனம் தளர்ந்துவிடும் என்று பெர்சிவல் மறுத்தார். நான் அதே வடகரையில், செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். ஜொகூர்க் கரையைப் பார்த்துக்கொண்டேதான் மத்தியானச் சோறு தின்போம். அவ்வளவு பக்கம். அந்தக் கரைக்கு அரண் வேண்டாம் என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

லண்டனில் பிரதமர் சர்ச்சிலும் சகாக்களும், சிங்கப்பூருக்கு வரும் படையை பர்மாவுக்குத் திருப்பலாமா என்று யோசித்தார்கள். சேதி எட்டியதும் ஆஸ்திரேலியப் பிரதமர் கர்ட்டின், அது மன்னிக்க முடியாத துரோகம் என்று 1942 ஜனவரி 23-இல் தந்தி அடித்தார். கடைசியில் பிரிட்டனின் 18-ஆவது டிவிஷன் சிங்கப்பூரிலேயே வந்து இறங்கி, பிப்ரவரி 15-இல் அப்படியே கைதானது. இதெல்லாம் தங்கள் பத்திரிகைக்குச் செய்தியாகப் படவில்லை.

போன ஆண்டும் இப்படித்தான். பெர்சிவல் நகர மண்டபத்தில் சரணடைந்தார் என்று படத்தின் கீழே போட்டிருந்தீர்கள். அவர் கையெழுத்திட்டது புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில். நகர மண்டபத்தில் சரணடைந்தவர்கள் ஜப்பானியர், 1945 செப்டம்பர் 12-இல். எழுதிப் போட்டேன், பதிலில்லை.

இன்னொன்று. ஃபேரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் தங்கள் கட்டுரையில் வெறும் ‘பிரிட்டிஷ் படை’. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.) பற்றி எழுதும்போது மட்டும் திடீரென்று இந்தியர் ஆகிவிடுகிறார்கள்!

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அடுத்த பிப்ரவரியில் கட்டுரையோடு தீவின் வரைபடம் ஒன்றையும் அச்சிடுங்கள். விளம்பரம் போக மூலையில் கொஞ்சம் இடம் மிஞ்சினால் போதும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
ஈசூன், சிங்கப்பூர்