'போவேன்' என்றால் எந்தக் காலம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஸ்பானிய மொழிக் கட்டுரையைப் படித்தேன். 'போ' என்று பொருள்படும் 'இர்' என்ற வினையை முழுப் பக்க அட்டவணையாகப் போட்டு, இது ஒழுங்கில்லாத வினை, காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்துவிடுங்கள் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். முப்பது வருடம் பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தியவள் நான். காரணம் கேட்காதே என்று யாராவது சொன்னால் எனக்குக் கை சும்மா இருக்காது. போதாததற்கு அட்டவணையில் ஒரு தவறும் இருக்கிறது.

தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். 'ஃபுய்' என்பதற்கு நேரே 'போனேன்' என்று இருக்கிறது. 'இபா' என்பதற்கு நேரேயும் அதே 'போனேன்'. இரண்டும் நடந்து முடிந்த காலத்தைப் பற்றியவைதான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட முடியாது. இது தெரியாமல் நான் அசடு வழிந்த கதை ஒன்று உண்டு.

என் மகள் குடும்பம் ஸ்பெயினில் வலென்சியாவில் இருக்கிறது. இரண்டு தடவை போய் மூன்று மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். எதிர்வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி. சாயங்காலம் அவரோடு துரியா பூங்காவில் நடப்பேன். முன்பு அது ஆறு. 1957 வெள்ளத்தில் ஊர் மூழ்கிய பிறகு ஆற்றையே ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். பழைய படுகையில் இப்போது மரங்களும் விளையாட்டுத் திடல்களும் இருக்கின்றன. பாலங்கள் மட்டும், அடியில் தண்ணீர் இல்லாமல், அப்படியே நிற்கின்றன. ஒருநாள் பாட்டி ஒரு பாலத்தைக் காட்டி 'ஈபமோஸ் அல் ரீயோ' என்றார். சின்ன வயதில் நாங்கள் ஆற்றுக்குப் போவோம் என்று அர்த்தம். நான் விடுவேனா? எங்கள் மன்னார்குடியிலும் பாமணி ஆறு உண்டு, சின்னப் பெண்ணாக இருந்தபோது தினமும் ஆற்றுக்குப் போவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். 'போவேன்' எதிர்காலம்தானே? எதிர்காலத்துக்கு 'இரே' என்று படித்திருந்தேன். 'தே நின்யா, இரே அல் ரீயோ' என்று கம்பீரமாகச் சொன்னேன். பாட்டி நடையை நிறுத்திவிட்டார். இனிமேல்தான் சின்னப் பெண்ணாகி ஆற்றுக்குப் போகப்போகிறாயா என்று கேட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

தப்பு பாட்டியுடையதும் இல்லை, ஸ்பானிய மொழியுடையதும் இல்லை. நான் முப்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்ட 'போவேன் - எதிர்காலம்' என்பதில்தான் இருந்தது. "தாத்தா இருந்தவரை பொங்கலுக்கு ஊருக்குப் போவோம்" என்ற வாக்கியத்தில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? அது பழைய வழக்கத்தைச் சொல்கிறது. பாட்டியின் 'ஈபமோஸ்' அச்சாக அதுதான். "போன வருடம் திருச்செந்தூர் போனோம்" என்றால் 'ஃபுயிமோஸ்'. போய்த் திரும்பியாச்சு, கணக்கு முடிந்தது. "கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன், மழை பிடித்துக்கொண்டது" என்று நடுவழியில் நிற்கும் போக்குக்கும் 'இபா'தான். ஆக 'இபா' என்பதற்கு நேரே 'அப்போதெல்லாம் போவேன், போய்க்கொண்டிருந்தேன்' என்று போட்டிருந்தால் தமிழ் வாசகருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். கட்டுரையாளர் ஆங்கிலப் பாடப்புத்தகத்தை வைத்து எழுதினார் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வென்ட்' என்று ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்றிவிடலாம். அதைத் தமிழாக்கும்போது நம்மிடம் இருக்கும் வித்தியாசமும் காணாமல் போய்விட்டது.

இன்னும் இருக்கிறது. கையில் கடிகாரம் இல்லாதபோது "மணி பத்து இருக்கும்" என்கிறோம். ஸ்பானியரும் எதிர்கால வடிவத்தைப் போட்டு 'செரான் லாஸ் தியெஸ்' என்கிறார்கள். "அவன் இந்நேரம் போயிருப்பான்" என்ற ஊகத்துக்கு 'சே அப்ரா ஈதோ'. போயிருக்கிறேன், போயிருந்தேன், போயிருப்பேன் என்று நாம் 'போய்' என்ற எச்சத்தை அசையாமல் வைத்துக்கொண்டு 'இரு'வை மட்டும் காலத்துக்கு ஏற்ப மாற்றுகிறோம். அவர்கள் 'ஈதோ'வை அசையாமல் வைத்துக்கொண்டு துணைவினையை மாற்றுகிறார்கள்: ஏ ஈதோ, அபியா ஈதோ, அப்ரே ஈதோ. "சாப்பிடப் போகிறேன்" என்பது 'வோய் ஆ கொமேர்'. இதில் யாரும் எங்கேயும் போகவில்லை, சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு மொழியிலும் அப்படியே. யார் போகிறார் என்பதை வினையின் வாலே சொல்லிவிடுவதால் 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லாததும் நமக்குப் பழக்கமானதுதான்.

'போய்விடு' என்பதற்குக்கூட அவர்களிடம் 'இர்சே' என்று ஏற்பாடு இருக்கிறது. 'சே ஃபுவே' என்றால் போய்விட்டான். 'சே நோஸ் ஃபுவே' என்றால், நாம் துக்க வீட்டில் சொல்வதுபோல, நம்மை விட்டுப் போய்விட்டார். ஆனால் விடைபெறும்போது 'மே வோய்' என்று அவர்கள் சர்வ சாதாரணமாகச் சொல்வதுதான் எனக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. நமக்கு வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்ல வாய் வருமா? 'போய்ட்டு வரேன்' என்பதற்கு ஈடாக ஏதாவது உண்டா என்று பாட்டியைக் கேட்டேன். நான் எதற்குக் கவலைப்படுகிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை.

சரி, ஒழுங்கில்லாத வினை என்கிறாரே, அதற்குக் காரணம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. லத்தீனில் மூன்று தனித்தனி வினைகளாக இருந்தவை ஸ்பானிய மொழியில் ஒரே குடித்தனமாகிவிட்டன. நிகழ்காலத்து வோய், வாஸ், வா, வாமோஸ் எல்லாம் 'வாதெரே' என்ற வினையின் பிள்ளைகள். இபா, இரே இரண்டும் 'ஈரே' வீட்டைச் சேர்ந்தவை. ஃபுய் வந்ததோ 'இரு' என்று பொருள்படும் 'எஸ்ஸே'யிடமிருந்து. அதனால்தான் 'செர்' என்ற 'இரு' வினைக்கும் இறந்தகாலம் ஃபுய், ஃபுயிஸ்தே, ஃபுவே என்று இதே வரிசையாக இருக்கிறது. 'ஃபுய் மயெஸ்த்ரா' என்றால் ஆசிரியையாக இருந்தேன். 'ஃபுய் ஆ மத்ரீத்' என்றால் மத்ரீதுக்குப் போனேன். நடுவில் நிற்கும் 'ஆ'தான் நம் நான்காம் வேற்றுமை, அது இருந்தால் பயணம். எதிர்காலத்தில் மட்டும் இந்த வினை பரம சாது: 'இர்' என்பதோடு வாலை ஒட்டினால் போதும். நாம் மட்டும் என்ன, வா என்று கூப்பிட்டுவிட்டு வருகிறேன், வந்தேன் என்று வேறு வேறாகச் சொல்கிறோமே, எந்தக் குழந்தையாவது காரணம் கேட்டதா?

அட்டவணையில் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருந்ததால் வேறொரு வேடிக்கையும் சேர்ந்துவிட்டது. அவர்களுடைய 'வா' என்றால் அவன் போகிறான். மரியாதையாக 'நீங்கள் போங்கள்' என்பதற்கு 'வாயா'. (வாயைத் திறந்து சொல்லும்போது அந்த வகரம் பகரத்தின் பக்கம் சாய்வதால் தப்பித்தோம்.) 'இரான்' என்றால் அவர்கள் போவார்கள். ஸ்பானிய மொழியில் ஈரான் நாட்டையும் அதே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள், முதல் எழுத்து மட்டும் பெரிது.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்கும் என்று சொல்லமாட்டேன். "ஊருக்குப் போகும்போது வாங்கிவருகிறேன்" என்று நாம் சொன்னால், அது ஒவ்வொரு முறையுமா, அடுத்த முறை மட்டுமா என்பது பேச்சில்தான் தெரியும். ஸ்பானிய மொழியில் வழக்கமாகப் போவது என்றால் 'க்வாந்தோ வோய்', இனிமேல் போகப்போவது என்றால் 'க்வாந்தோ வாயா'. இங்கே மட்டும் நானும் மனப்பாடம்தான் செய்தேன், இன்னும் தடுக்குகிறது.

இன்னொன்று. நெருங்கியவர்கள் பலரைப் பார்த்து 'கிளம்புங்கள்' என்பதற்கு 'ஈதோஸ்' ஒன்றே சரி என்று கட்டுரையில் இருந்தது. ஸ்பெயினில் தெருவில் கேட்பது பெரும்பாலும் 'ஈரோஸ்'. அங்குள்ள அரச மொழிக் கழகமே 2017-ல் அதையும் ஏற்றுக்கொண்டது. லத்தீன் அமெரிக்காவில் இந்த இரண்டுமே பேச்சில் கிடையாது. அர்ஜென்டினாவில் ஒருமையில் 'போ' என்பதற்குக்கூட 'நட' என்ற வினையிலிருந்து 'அந்தா' என்று கடன் வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்த இதழில் 'செர்', 'எஸ்தார்' வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதிலாவது ஒவ்வொரு வடிவத்துக்கும் நேரே ஒரு சொல்லுக்குப் பதிலாக, நம் வீட்டில் பேசும் ஒரு முழுத் தமிழ் வாக்கியத்தைப் போடும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். 'இபா'வுக்கான திருத்தத்தையும் மறக்காமல் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மன்னார்குடி